ஆடு எப்ப வரும்?

"நாப்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒரு ஆட்டைக்கூடக் கண்ணுல காட்டல நீ" என்றாள் பவித்ரா. "கேமோட பேரு என்ன? கிடா ஓட்டம் ரெண்டு. இதுல கிடாயும் இல்ல, ஓட்டமும் இல்ல. மிச்சம் இருக்கறது ரெண்டு மட்டுந்தான்."

ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த காமராஜ் சிரித்துவிட்டான். ஃபாரிஸ் முறைத்த முறைப்பில் அந்தச் சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டான்.

திண்டுக்கல் பேகம்பூரில் சேக் பரீதுவின் செருப்புக் கடைக்கு மேல்மாடிதான் இவர்களுடைய ஆபீஸ். கீழே தோல் வாசம், மேலே கம்ப்யூட்டர் சூடு. ஃபாரிஸ் கடைக்காரரின் ஒரே மகன். பவித்ரா சின்னாளப்பட்டிக்காரி, ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிற கம்ப்யூட்டர் நிரல் முழுக்க அவள் கைவேலை. காமராஜ் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். மலையும் மேடும் ஆடும் ஆளும் அவன் வரைந்தவை. காலேஜில் ஒரே பெஞ்சில் தூங்கிப் பழகிய மூன்று பேர் சேர்ந்து செய்ததுதான் 'கிடா ஓட்டம்' என்கிற செல்போன் கேம்.

முதல் பாகத்தில் செல்லி என்று ஒரு பெண். விடியும் முன்னே ஊராரின் ஆட்டு மந்தையை வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப் போய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் ஆட்டுக்கள்ளன், தெருநாய், நாலுவழிச் சாலையில் கண்மண் தெரியாமல் வரும் லாரி. இவ்வளவுதான் ஆட்டம். அது ஏன் பிடித்ததோ, பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லை வரைபடத்தில்கூடப் பார்க்காத ஊர்க்காரனெல்லாம் ராத்திரி தூக்கத்தை விட்டுச் செல்லியின் ஆட்டை மேய்த்தான். எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் கடைசியில் ஒரு ஆடு குறைகிறதே என்று திட்டவும் செய்தான்.

ஆனால் வந்த பாராட்டில் கதையைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒரு புண்ணியவான் மட்டும் எழுதியிருந்தான்: "நடுவில் வருகிற வசனங்களைத் தட்டித் தள்ளிவிட்டு ஆட்டை ஓட்டுங்கள், அமிர்தம்." அந்த வசனங்களை எழுதியது ஃபாரிஸ். நெருஞ்சி முள் காலில் ஏறினால் பிடுங்கிப் போடலாம். இது எங்கே ஏறியதோ, இரண்டு வருஷமாகப் பிடுங்கவும் முடியவில்லை, நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை.

அதனால்தான் இரண்டாம் பாகத்தின் ஆரம்பத்தைத் தானே எடுத்துக்கொண்டான். பத்து வருஷம் கழித்துச் செல்லி ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஆடுகள் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் நின்று, வறண்ட கண்மாயைத் தாண்டி, தென்னந்தோப்பு வழியாகப் பூட்டிக் கிடக்கும் தன் வீடு வரைக்கும் நடக்கிறாள். நடந்துகொண்டே நினைக்கிறாள். வசனத்தைத் தட்டித் தள்ளும் பட்டனையும் பவித்ராவிடம் மல்லுக்கட்டி எடுக்க வைத்துவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை இணையத்தில் நடக்கிற ஒரு விளையாட்டுத் திருவிழாவுக்கு ஏற்றியாக வேண்டும். அந்த நடை அப்படியே போனால் ஃபாரிஸ் கதாசிரியன். வெட்டுப்பட்டால் பழையபடி தட்டித் தள்ளப்படுகிற ஆள்.

"பவி, உனக்கு வியாபாரம் தெரியாது" என்று எழுந்தான். பேச்சு சூடானால் அவனால் நாற்காலியில் இருக்க முடியாது. "கீழ எங்கத்தாவப் பாரு. நல்ல சரக்க எடுத்த எடுப்புல காட்டுவாரா? மொத டப்பாவுல சாதா. ரெண்டாவதுல கொஞ்சம் தேவலாம். வந்தவன் மூஞ்சி சுருங்கும், எந்திரிக்கப் பாப்பான். அப்பத்தான் நாலாவது டப்பாவத் தெறப்பாரு. அந்தத் தோல தடவிப் பாக்கறப்ப அவன் கண்ணு விரியும் பாரு! ஆடும் அப்படித்தான். ஏங்க விடுறேன். ஏங்கி ஏங்கி இருக்கறவன் முன்னாடி மொத ஆடு வந்து நின்னா, அழுதுருவான்."

"அழுவான். போன கீழ வச்சுட்டுப் போயி வேற எங்கயாவது அழுவான்."

"பதினோரு பேருக்கு ஆடக் குடுத்தேன். பதினோரு பேரும் அருமைன்னாங்க. ஒருத்தன் 'கவிதை'ன்னான்."

பவித்ரா நாற்காலியைத் திருப்பினாள். அவள் நாற்காலியைத் திருப்பினால் ஏதோ பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"அந்தப் பதினோரு பேரையும் எங்க வச்சு ஆடச் சொன்ன?"

"எங்க வீட்டுலதான்."

"சாப்பிட என்ன குடுத்த?"

ஃபாரிஸ் மின்விசிறியைப் பார்த்தான். பதில் காமராஜிடமிருந்து வந்தது. "பிரியாணிங்க அம்மணி. தாலிச்சாவும் இருந்துச்சுங்க. சட்டிய மாடிக்குத் தூக்கியாந்தது நான்தானுங்க."

"ஆட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதானுங்க. ரெண்டு மூணு பேருக்கு முன்னாடியும் பின்னாடியும்."

"ஏலே, உன்னைய யாரு கேட்டா?" என்று பாய்ந்தான் ஃபாரிஸ்.

"கேட்டாங்களே பாய்."

"அஜீஸுன்னிசாம்மா கையால தின்னுட்டு, அந்தம்மா பெத்த புள்ளகிட்ட வந்து 'நல்லால்ல தம்பி'ன்னு எவன்டா சொல்வான்?" என்றாள் பவித்ரா. "நானே சொல்ல மாட்டேன். பதினோரு பேரு சொன்னது பிரியாணிக்குடா, உன் கதைக்கு இல்ல."

இதில் ஃபாரிஸின் தந்திரம் ஒன்றுமில்லை; அதுதான் கொடுமை. தந்திரமாகச் செய்திருந்தால் உள்ளுக்குள் ஒரு கணக்காவது வைத்திருப்பான். கீழே கடையில் ஏறுகிற ஆளுக்கு வாயைத் திறக்கும் முன்னே டீ வந்துவிடும். டீயைக் குடித்தவன் வெறுங்கையோடு படி இறங்க மாட்டான். இறங்கினால் அவனுக்கே உள்ளுக்குள் உறுத்தும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன், ஆள் வந்தால் முதலில் வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். அது அவனுக்கு வியாபாரமும் இல்லை, உபசாரமும் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. இப்போது அந்தப் பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு 'அருமை'க்கும் அடியில் ஒரு தட்டு தெரிந்தது. அந்த 'கவிதை'க்காரன் மூன்று முறை போட்டுக்கொண்டான்.

"சரி" என்றான், குரல் இறங்கி. "என்ன செய்யணுங்கற?"

"ஒரே ஒரு ஆளு. சோறு இல்ல, தண்ணி இல்ல, 'உக்காருங்க'ங்கற வார்த்தைகூட இல்ல. ஆடிட்டுச் சொல்லட்டும்."

ஆட்டத்தின் ரசிகர்கள் கூடியிருக்கும் குழுவில் பவித்ரா ஒரு வரி போட்டாள்: திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இப்போது யாராவது இருக்கிறீர்களா? உடனே பதில் வந்தது. கௌசல்யா என்று ஒரு பெண். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, அரை நாள் லீவு, வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கறவளுக்கே போரடிச்சா அப்புறம் பேச்சே கிடையாது" என்று வண்டிச் சாவியை எடுத்தாள் பவித்ரா.

பஸ் ஸ்டாண்டில் வெயில் சாய்ந்தும் சூடு இறங்கவில்லை. கௌசல்யா பையை மடியில் வைத்து, கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "அக்கா, நீங்களா அந்த லாரி சீன் வச்சீங்க? உங்களால எனக்குக் கனவுலயும் ஹாரன் கேக்குதுக்கா!"

பவித்ரா போனைக் கொடுத்தாள். "நாங்க தள்ளி நின்னுக்கறோம். புடிச்ச வரைக்கும் ஆடு. புடிக்கலன்னா குடுத்துரு. எங்களுக்காக ஒண்ணும் பாக்காத."

மூன்று பேரும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார்கள். காமராஜ் தூணில் சாய்ந்தான். பவித்ரா கையைக் கட்டிக்கொண்டாள். ஃபாரிஸுக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தூணின் இந்தப் பக்கம் வந்தான், அந்தப் பக்கம் போனான். மதுரை பஸ் எத்தனை மணிக்கு என்று தேவையில்லாமல் ஒருவரிடம் விசாரித்தான்.

கௌசல்யாவின் கட்டைவிரலையே பார்த்தான். முதலில் அது மெதுவாக, மரியாதையாக நகர்ந்தது. செல்லி பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாள். பிறகு விரல் அழுந்தியது. இன்னும் அழுந்தியது. அழுத்தினால் செல்லி ஓடுவாள் என்று நினைக்கிறாள் போல. செல்லி ஓட மாட்டாள். ஓடவே கூடாது என்று ஃபாரிஸ் ஒரு வாரம் சண்டை போட்டிருந்தான். பிறகு போன் ஒரு கைக்கு மாறியது. மற்ற கை கடலைப் பொட்டலத்துக்குள் போனது.

வாங்க வந்தவன் 'வேற கலர் இருக்கா' என்று கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். கடைக்காரன் மகனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவம், அந்தப் பிள்ளை தொண்டை காய உட்கார்ந்திருக்கிறதே என்று ஃபாரிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செத்த நேரத்தில் அவன் கால் டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. "அண்ணே, ஒரு டீ. கொஞ்சம் தூக்கலா, ஏலக்கா போட்டு. ரெண்டு வடையும் வைங்க."

டீயை வாங்கிக்கொண்டு திரும்பியவனுக்கு எதிரே பவித்ரா நின்றிருந்தாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நீதான் டீயே குடிக்க மாட்டியே." கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கி, அங்கேயே நின்று, ஊதி ஊதி முழுசாகக் குடித்தாள். வடை இரண்டையும் காமராஜ் பக்கம் நீட்டினாள். "கை வச்சியா மறுபடியும்? உன்னையத் தூணுல கட்டிப் போட்டிருக்கணும்டா."

அதற்குள் கண்டக்டர் குரல் கேட்டது. "வத்தலக்குண்டே! வத்தலக்குண்டே!"

கௌசல்யா சட்டென்று எழுந்து, போனை நீட்டிக்கொண்டே வந்தாள். "நல்லாருக்குண்ணே. படமெல்லாம் சூப்பரா இருக்கு."

டீ குடிக்காமலே ஒருத்தி இப்படிச் சொல்கிறாள் என்று ஃபாரிஸ் நிமிர்ந்தான். பவித்ரா விடவில்லை. "நெசமாச் சொல்லு கௌசல்யா. எங்க மொகத்துக்காகச் சொல்லாத."

"நெசமாவாக்கா?" அவள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ஃபாரிஸைப் பார்த்தாள். "மொத பாகம் ஆடுனப்ப இதே எடத்துல ரெண்டு பஸ்ஸ விட்டேன்க்கா. வீட்டுல அம்புட்டுத் திட்டு."

பையைத் தோளில் மாட்டி, ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரமாக இடமும் பிடித்துவிட்டாள். இந்தப் பாகத்துக்காக அவள் ஒரு பஸ்ஸைக்கூட விடவில்லை. வத்தலக்குண்டுக்கு அடுத்த பஸ் கொஞ்ச நேரத்திலேயே வரும் என்றபோதும் விடவில்லை.

பஸ் நகர்ந்தது. நகர்ந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. "அண்ணே! அந்த மழையில மணிச் சத்தம் கேட்டுச்சே, அது யாரோட ஆடுண்ணே?"

ஃபாரிஸ் வாயைத் திறந்தான். பஸ் போய்விட்டது.

காமராஜ் இரண்டாவது வடையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தான். மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

"வாங்க, சண்டையை ஆரம்பிங்க" என்றான் கடைசியில். "ஆனா வாயில வேண்டாமுங்க. ரோட்டுல பத்துப் பேரு பாக்கறாங்க. எங்கூர்ச் சந்தையில பண்ற மாதிரிப் பண்ணிக்கலாம்." தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் விலை பேசுகிற தரகர் அப்படித்தான் துண்டைப் போட்டுக்கொண்டு விற்கிறவனிடம் போவார். துண்டுக்கு அடியில் அவன் தரகர் விரலைப் பிடித்து அழுத்துவான். எத்தனை விரலோ அதுதான் விலை. பிறகு வாங்குகிறவனிடம் போவார். சுற்றி நிற்கிறவனுக்கு ஒரு சத்தமும் கேட்காது. "நடையில எத்தன நிமிஷம் வைக்கணும்? ஒரு விரலுக்கு ஒரு நிமிஷம். நாந்தானுங்க தரகு. மொதல்ல பாய்."

ஃபாரிஸ் துண்டுக்குள் கையை விட்டான். காமராஜின் புருவம் லேசாக ஏறியது. தரகனாயிற்றே, உடனே இறக்கிக்கொண்டான். பிறகு பவித்ராவிடம் போனான். அவள் துண்டுக்குள் அழுத்திய பிறகு அவன் முகத்தை அவனால் பிடித்து நிறுத்த முடியவில்லை. துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"என்னடா?"

"விக்கறவரு ரெண்டுங்கறாரு. வாங்கறவங்க ரெண்டு கையையும் புடிச்சுப் பத்துங்கறாங்க. எங்கூர்ச் சந்தையில இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா ஆட்டுக்கு ஏதோ சீக்குன்னு அர்த்தமுங்க!"

ஃபாரிஸும் பவித்ராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பையில் மற்றவர் கை இருக்கிறதா என்கிற மாதிரி.

"ரெண்டா? இப்பத்தான நாப்பதுக்கு ஒத்தக் கால்ல நின்ன?"

"நீ ஒண்ணுகூட வேணாம்னியே?"

"நீ டீக்கடைக்கு ஓடுனப்ப நான் அவளப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் பவித்ரா. "செல்லி மழையில ஒதுங்கி நிப்பாள்ல, அங்க அந்த மணி கேக்கவும் கடலைய மெல்றத நிறுத்திட்டா. போனக் காதுகிட்ட கொண்டு போனா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த எடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் நடந்தாத்தான் அது நிக்கும். பத்து வச்சுக்க."

"பிச்ச போடாத பவி."

"பிச்சையா? நெசமாத்தான் சொல்றேன்."

"அவ ஒரு பஸ்ஸையும் விடல. அது போதும் எனக்கு. நான் நாப்பது நிமிஷம் எழுதுனேன். அவ கேட்டது ஒரே கேள்வி. அது அந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கு. மிச்சமெல்லாம் செல்லி நெனைக்கல, நான்தான் நெனச்சுட்டு இருந்தேன். மழை, மணி, அம்புட்டுத்தான். மூணாவது நிமிஷம் மழைக்குள்ள இருந்து ஆடு வரட்டும்."

"அஞ்சு."

"ரெண்டு."

"டேய், கொறைக்கறதுக்காடா பேரம் பேசுவ?"

"பாய், அம்மணி" என்றான் காமராஜ், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "ஆறு மணிக்குத் திருவிழாக்காரங்க கடைய மூடிருவாங்க. முடிச்சுட்டு நடுரோட்டுல சண்ட போடலாமுங்க."

மாடிக்குத் திரும்பியதும் வெட்டுகிற வேலையை ஃபாரிஸே செய்தான். பவித்ரா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். எது எங்கே ஒட்டும் என்று மட்டும் சொன்னாள். வறண்ட கண்மாய் போனது. தென்னந்தோப்பும் அதில் செல்லி தன் தகப்பனோடு மனசுக்குள் பேசுகிற நீண்ட பேச்சும் போயின. பூட்டிய கதவின் முன்னால் நின்று அவள் சொல்கிற ஒரு வரி. அதை எழுதிய அன்று தன்னை ஒரு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு வீதியில் நடந்திருக்கிறான். அந்த வரியின் மேல் விரல் கொஞ்சம் நின்றது.

"வேணும்னா அத மட்டும்..." என்றாள் பவித்ரா.

"பேசாத. பேசுனா வச்சுருவேன்." அழுத்தினான். போயிற்று.

இரண்டு தரம் ஆட்டம் பாதியில் நின்றது. ஒரு தரம் மழைக்குள்ளிருந்து ஆடுகள் தலைகீழாக வந்தன. காமராஜ் அவற்றை நேராக்கினான். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பவித்ரா ஏற்றிவிட்டாள். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து மறுகோடியைத் தொட்டது. கீழே கடையில் சேக் பரீது யாருக்கோ டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

காமராஜ் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தான். ஃபாரிஸ் மட்டும் உட்காரவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

"சொல்லு" என்றாள் பவித்ரா.

"என்ன?"

"அந்தப் புள்ள கேட்டாள்ல, அது யாரோட ஆடு?"

ஃபாரிஸ் நின்றான். "தெரியாது."

"தெரியாதா?"

"மழைச் சத்தம் மட்டும் மொட்டையா இருந்துச்சு. நம்ம தெருக் கறிக்கடை வாசல்ல கட்டியிருந்த ஆட்டுக்கிட்ட போனக் கொண்டு போயி மணியப் பதிவு பண்ணேன். சும்மா ஒரு சத்தத்துக்குத்தான் போட்டேன்."

"அந்த ஆடு இப்ப அந்தப் பதினோரு பேருல எவன் வயித்துல இருக்கோ" என்றான் காமராஜ்.

பவித்ரா சிரிக்கவில்லை. "நாலு மணி நேரக் கதை எழுதியிருக்க. ஆட வந்தவ கேட்ட ஒத்தக் கேள்விக்கு உன்கிட்ட பதில் இல்ல."

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஃபாரிஸ் ஜன்னல் வரை போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். வீதியில் ஒருவன் ஸ்கூட்டரில் இரண்டு வெள்ளாட்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு போனான்.

"திருட்டு ஆடு" என்றான், ஜன்னலைப் பார்த்தபடியே.

"யாரு திருடுனா?"

"செல்லிதான்."

பவித்ராவின் கை மவுஸில் அப்படியே நின்றது. "செல்லியா? போடா. மொத பாகம் பூராக் கள்ளன்கிட்ட இருந்து ஆட்டக் காப்பாத்துனவடா அவ."

"மொத பாகத்துல, ஆட்டம் முடியறப்ப, எவ்வளவு நல்லா ஆடினாலும் மந்தையில ஒரு ஆடு கொறையும்ல? அம்புட்டுப் பேரும் கேட்டுத் திட்டுனாங்களே."

"அது பக், கம்ப்யூட்டர் பிழை. என் தப்பு. எம்புட்டோ தேடியும் எனக்குக் கெடைக்கல."

"பக் இல்ல பவி. அன்னிக்கு ராத்திரி மந்தைய ஓட்டிட்டுப் போனப்பவே ஒரு ஆட்ட அவ தனியா ஒதுக்கிட்டா. ஆடினவன் யாருக்கும் தெரியாது. அவன் கைதான் ஓட்டுச்சு, ஆனா அவனுக்கும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சு ஊருல எறங்குறா, மழையில அந்த மணி கேக்குது."

காமராஜ் பென்சிலைக் கீழே வைத்தான். மேஜை மேல் ஏற்றம் முடிந்ததென்று ஏதோ செய்தி மின்னியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பவித்ரா நாற்காலியை ஃபாரிஸ் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாரோட ஆட்ட ஒதுக்குனா? சொல்லுடா, அப்புறம்?"